கூத்துப் படமோ நடுகல் புத்தகமோ, காசு திரட்ட எந்த பிளாட்ஃபார்ம்? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரங்களுக்கு முழு வழிகாட்டி

தெருக்கூத்து பத்தி ஒரு ஆவணப்படம், அரூர் பென்னாகரம் பக்கம் காட்டுக்குள்ளயும் ஏரிக்கரையிலயும் நிக்கற நடுகல்லுங்க பத்தி ஒரு போட்டோ புத்தகம், மலை கிராமத்து பாட்டிங்க பாடற பாட்டெல்லாம் ரெக்கார்ட் பண்ணி ஒரு ஆல்பம், இப்படி ஏதாச்சும் ஒண்ணை மனசுல வச்சுகிட்டு, கையில காசு பத்தாம, சரி கிரவுட்ஃபண்டிங், அதாவது நிறைய பேர் கிட்ட கொஞ்சம் கொஞ்சமா காசு திரட்டறது, அதைப் பண்ணலாம்னு முடிவு பண்ணி, எந்த சைட்ல போடறதுன்னு தேடிகிட்டு இருக்கீங்கன்னா இது உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளமா இருக்கும். அடுத்தவங்க காசை கையில வாங்கற விஷயம், அதனால பொறுமையா படிங்க.

நான் அடிச்சு சொல்ல வர்றது ஒண்ணுதான், சைட்டை கடைசியில தேர்ந்தெடுங்க. யார் காசு குடுக்கப் போறாங்க, அவங்க எந்த வழியில அனுப்புவாங்க, பதிலுக்கு நீங்க என்ன குடுக்கப் போறீங்க, இந்த மூணுக்கும் பதில் எழுதிட்டா பிளாட்ஃபார்ம் பாதி தானா முடிவாயிடும். ஊர்ல பாரதக் கூத்து வைக்கணும்னா தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு வரி போடறாங்க இல்ல, அங்க ரசீது புக்கை எந்த கடையில வாங்கலாம்னு யாரும் முதல்ல பேச மாட்டாங்க, எத்தனை தலைக்கட்டு, யார் யாரு பெங்களூர்ல இருக்காங்க, எந்த வீட்ல கூட குடுப்பாங்க, எந்த வீட்ல இந்த வருஷம் கஷ்டம், இதைத்தான் உக்காந்து பேசுவாங்க. நீங்களும் அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும்.

பெரிய உதாரணம் ரெண்டு சொல்றேன். 1976ல ஷியாம் பெனகல் எடுத்த ‘மந்தன்’ படத்துக்கு குஜராத் பால் கூட்டுறவு சங்கத்து விவசாயிங்க 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் குடுத்தாங்க. இன்டர்நெட் கிடையாது, ஆப் கிடையாது. ஆனா தினமும் காலையில பால் ஊத்த வர்ற ஆளுங்க, சங்கம், கணக்கு புக்கு எல்லாம் ஏற்கனவே அங்க இருந்துச்சு, அதனாலதான் 2 ரூபாயா சேத்து ஒரு முழு படம் வந்துச்சு. இன்னொண்ணு நம்ம பக்கத்து பெங்களூர்ல நடந்தது, பவன் குமார் ‘லூசியா’ன்னு கன்னடப் படம் எடுத்தப்ப, தன்னோட பிளாக்ல நேரா எழுதிக் கேட்டு சுமார் 50 லட்சம் திரட்டினாரு, படம் 2013ல வந்துச்சு. அவரும் எந்த பெரிய கிரவுட்ஃபண்டிங் சைட்டையும் நம்பி ஆரம்பிக்கல, அவர் எழுதறதை ஏற்கனவே படிச்சுகிட்டிருந்த கூட்டம் இருந்துச்சு. கூட்டம் இருந்தா வழி கிடைக்கும். கூட்டம் இல்லாம சைட்ல போட்டுட்டு உக்காந்திருந்தா, எவ்ளோ பெரிய சைட்டா இருந்தாலும் சரி, உங்க பக்கத்தை நீங்களும் உங்க நண்பனும் மட்டும்தான் திறந்து பாப்பீங்க.

படி 1: பேரை எழுதுங்க

ஒரு நோட்டு எடுத்து பேர் எழுதுங்க, உண்மையான பேர், ஃபாலோயர் எண்ணிக்கையை எழுதாதீங்க. காலேஜ் நண்பர்கள், வேலை பாக்கற இடத்து ஆளுங்க, ஊர்ல இருந்து ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூர் ஐடி கம்பெனிக்கும் போனவங்க, சிங்கப்பூர் துபாய்ல இருக்கற சொந்தக்காரங்க, உங்க வீடியோவுக்கு தொடர்ந்து கமெண்ட் போடறவங்க, புத்தகத் திருவிழாவுல பழக்கமான வாசகர்கள், ஸ்கூல் வாத்தியாருங்க, தொல்லியல் ஆர்வம் இருக்கற ஆளுங்க. நம்ம பக்கம் அந்த கடைசி வகை ஆளுங்க நிறையவே இருக்காங்க, 2022ல மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்பு கிமு 2172 காலத்ததுன்னு அறிவிப்பு வந்ததுக்கு அப்புறம் கிருஷ்ணகிரி மாவட்டத்து பழமை பத்தி வெளியூர்ல இருந்தும் கேக்கறாங்க.

ஒவ்வொரு பேருக்கு நேராவும் மூணு விஷயம் எழுதுங்க. எவ்ளோ குடுப்பாங்கன்னு ஒரு மதிப்பு. எப்படி அனுப்புவாங்க, அதாவது ஜிபே போன்பேவா, கார்டா, வெளிநாட்டு கார்டா. அப்புறம் எந்த நாட்டு குடிமகன். கடைசி கேள்வி விசித்திரமா தெரியலாம், ஏன்னு சட்டப் பகுதியில சொல்றேன், அது முக்கியம்.

இந்த லிஸ்ட்ல தேவைப்படற தொகையில மூணுல ஒரு பங்காவது நிச்சயமா வரும்னு தெரியாத வரைக்கும் கேம்பெயின் ஆரம்பிக்காதீங்க. முதல் வாரத்துல தெரிஞ்சவங்க காசு விழுந்து, எவ்ளோ சேந்துச்சுன்னு பக்கத்துல காட்டற கோடு கொஞ்சம் நகர்ந்தாதான் தெரியாதவங்க நம்பி வருவாங்க, எல்லா பிளாட்ஃபார்ம்லயும் இதே கதைதான். லிஸ்ட் சின்னதா இருந்தா ஆறு மாசம் தள்ளிப் போட்டு கூட்டத்தை வளருங்க, வாரம் ஒரு நடுகல் போட்டோ அதோட கதையை எழுதிப் போடுங்க, ஜமாவோட, அதாவது கூத்துக் குழுவோட, ஒத்திகையை அவங்க அனுமதியோட ரெண்டு நிமிஷ வீடியோவா போடுங்க. தள்ளிப் போடறதுல ஒரு நஷ்டமும் இல்ல.

படி 2: பதிலுக்கு என்ன குடுக்கறீங்க

இதுல நாலு வகை இருக்கு, எந்த வகைன்னு முடிவு பண்ணினதும் பாதி சைட்டு லிஸ்ட்ல இருந்து போயிடும்.

ஒண்ணு, சும்மா நன்கொடை. பதிலுக்கு நன்றி மட்டும்.

ரெண்டாவது, முன்பதிவு மாதிரி, அதாவது புத்தகம், பாட்டு, படம் பாக்க லிங்க், டைட்டில்ல பேரு. படைப்பு வேலைக்கு இதுதான் சரியா வரும்னு நான் நினைக்கறேன், குடுக்கறவங்களுக்கும் மரியாதை, நமக்கும் கணக்கு சுத்தமா இருக்கும்.

மூணாவது மாசச் சந்தா, ஒரே ஒரு புத்தகத்துக்கு இது ஒத்து வராது, ஆனா வருஷம் முழுக்க ஏதாச்சும் வெளியிட்டுகிட்டே இருக்கறவங்களுக்கு நல்லது.

நாலாவது லாபத்துல பங்கு, இல்லன்னா வட்டியோட திருப்பித் தர்றேன்னு வாங்கறது. இதுக்குள்ள போகவே போகாதீங்க. பொது மக்கள் கிட்ட இன்டர்நெட் வழியா பங்கு வித்து காசு திரட்டறதுக்கு நம்ம நாட்டுல அனுமதி இல்ல, பங்குச் சந்தையை கண்காணிக்கற அமைப்பான செபி 2014ல ஒரு ஆலோசனை அறிக்கை போட்டதோட சரி, 2016ல அனுமதி இல்லாத தளங்களைப் பத்தி எச்சரிக்கையும் குடுத்துச்சு. வட்டி தர்றேன்னு ஊர்ல வசூல் பண்ணினா 2019ல வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டம், தமிழ்நாட்டோட 1997 டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் வந்து நிக்கும். சீட்டு கம்பெனி, ஈமு கோழின்னு காசை இழந்த குடும்பங்க நம்ம சுத்து வட்டாரத்துலயே இருக்கு, அவங்க கிட்ட போயி படம் ஓடினா டபுளா தர்றேன்னு சொல்றதுக்கு மனசு வரக்கூடாது.

படி 3: கணக்கு போடுங்க, கட்டணத்தோட சேத்து

இங்கதான் நிறைய பேர் அவசரப்படறாங்க, அதனால ஒரு உதாரணத்தை முழுசா போட்டுக் காட்டறேன். நடுகல் போட்டோ புத்தகம், 300 பிரதி. அச்சு பிரதிக்கு 220 ரூபாய்னு வச்சா 66,000. ஊர் ஊரா போறதுக்கு வண்டி, பெட்ரோல், சாப்பாடு 25,000. வடிவமைப்பு 20,000. கதை சொல்ற பெரியவங்களுக்கும் வழி காட்டற ஆளுங்களுக்கும் மரியாதைத் தொகை 10,000, இதை தயவு செஞ்சு கணக்குல முதல்லயே எழுதுங்க, மிச்சம் இருந்தா குடுக்கலாம்னு விட்டா மிச்சமே இருக்காது. பேக்கிங் தபால் பிரதிக்கு 60 வீதம் 18,000. மொத்தம் 1,39,000. காகித விலை ஏறும், மழையில ரெண்டு நாள் ஷூட்டிங் போகும், அதுக்காக 10 சதவீதம் கூட்டினா 1,52,900. ஐஎஸ்பிஎன்னு புத்தகத்துக்கு ஒரு அடையாள நம்பர் வாங்கணும், அதுக்கு செலவு இல்ல, நம்ம நாட்டுல அதை இலவசமாத்தான் குடுக்கறாங்க, யாராச்சும் அதுக்கு காசு கேட்டா குடுக்காதீங்க.

இந்த 1,52,900 உங்க கைக்கு வரணும்னா எவ்ளோ திரட்டணும்? பேமென்ட் கேட்வே, அதாவது ஆன்லைன்ல காசு வாங்கித் தர்ற கம்பெனி, அது மட்டும் வச்சா, வழக்கமா 2 சதவீதம், அது மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 2.36. அப்ப சுமார் 1,56,600 திரட்டணும். 5 சதவீதம் எடுக்கற பிளாட்ஃபார்ம்னா, அதுக்கும் ஜிஎஸ்டி, கேட்வே தனி, எல்லாம் சேந்து 8.26, அப்ப சுமார் 1,66,700. 10 சதவீதம் எடுக்கறதுன்னா எல்லாம் சேந்து 14.16 ஆகி கிட்டத்தட்ட 1,78,100 திரட்டணும். முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 21,500 ரூபாய், 500 ரூபாய் புத்தகம்னா 43 பேரை கூடுதலா தேடணும். அந்த சைட்டு உங்களுக்கு 43 புது ஆளுங்களை கொண்டு வருமா? கொண்டு வந்தா குடுக்கலாம். வராதுன்னா எதுக்கு?

இன்னொண்ணும் கவனிங்க, 1,56,600ஐ 500ஆல வகுத்தா 313 பேர் வேணும், நாம அடிக்கறதே 300. ஆக ஒரே விலை மட்டும் வச்சா நடக்காது. 500 ரூபாய்க்கு புத்தகம், 1,500க்கு புத்தகத்தோட ஒரு நல்ல போட்டோ பிரிண்ட், உள்ள பேரு, 5,000 குடுத்தா அவங்க சொல்ற ஊர் ஸ்கூல் லைப்ரரிக்கு 5 பிரதி அவங்க பேர்ல. 200 பேர், 25 பேர், 4 பேர்னு வந்தா 1,57,500 ஆயிடும், பிரதி 245 போகும், மிச்சம் 55ஐ கதை சொன்னவங்களுக்கும் மியூசியத்துக்கும் குடுத்துட்டு மீதியை விக்கலாம். ஸ்கூல் லைப்ரரி வகை நம்ம பக்கத்துக்கு ரொம்ப நல்லா வேலை செய்யும்னு நம்பறேன், வெளியூர் போயி சம்பாதிக்கறவங்களுக்கு தான் படிச்ச ஸ்கூலுக்கு ஏதாச்சும் செய்யணும்னு எப்பவும் இருக்கும், ஆனா அவங்க கிட்ட யாரும் சரியா கேக்கறதில்ல.

டீஷர்ட், கப்பு, கீசெயின் இதெல்லாம் பரிசா வைக்காதீங்க. அடிக்க காசு, அளவு மாத்தி கேப்பாங்க, தபால் செலவு, அது போக ஜிஎஸ்டி தலைவலி, அது கீழ வருது.

படி 4: மொத்தமும் வந்தாதான் எடுக்கறதா, வந்த வரைக்குமா

இலக்கு முழுசா வந்தாதான் காசு உங்களுக்கு, இல்லன்னா குடுத்தவங்களுக்கே திரும்பிடும், இது ஒரு முறை. வந்தது வரைக்கும் எடுத்துக்கறது இன்னொரு முறை. ரெண்டாவதைப் பாத்தா சுலபமாத்தான் தெரியும். ஆனா 1,56,600 தேவைப்படற புத்தகத்துக்கு 60,000 வந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க, 120 பேர் காசு குடுத்துட்டாங்க, அச்சடிக்கவும் முடியாது திருப்பித் தரவும் மனசு இருக்காது, பாதி ஏற்கனவே பெட்ரோலுக்கு போயிருக்கும். சின்ன ஊர்ல இருந்து வேலை செய்யறவங்களுக்கு பேருதான் எல்லாம். பஸ் ஸ்டாண்ட்ல பாத்தா புக்கு எப்ப வரும்னு கேப்பாங்க. அதனால அச்சு, படம் மாதிரி ஒரு அளவுக்கு கீழ செய்யவே முடியாத வேலைக்கு முழுசா வந்தாதான் எடுப்பேன்னு சொல்லிட்டு இறங்குங்க. பாட்டு ரெக்கார்ட் பண்றது மாதிரி பத்து பாட்டுக்கு பதிலா நாலு பாட்டுன்னு சுருக்கக் கூடிய வேலைக்கு வந்த வரைக்கும் முறை சரி, ஆனா எவ்ளோ வந்தா எவ்ளோ செய்வேன்னு முதல்லயே எழுதிடணும்.

படி 5: இப்பதான் பிளாட்ஃபார்ம்

கிக்ஸ்டார்ட்டர். 2009ல நியூயார்க்ல ஆரம்பிச்சது, படைப்பு வேலைக்குன்னே இருக்கறது, முழுசா வந்தாதான் எடுக்கற முறை, 5 சதவீதம் கட்டணம், பேமென்ட் செலவு தனி. உலகத்துலயே பேர் போன தளம் இதுதான், அங்க கூட போடறதுல நாப்பது சதவீதத்தை ஒட்டித்தான் இலக்கைத் தொடுது. ஆனா முக்கியமானது என்னன்னா, இந்தியாவுல இருந்துகிட்டு நீங்க அங்க கேம்பெயின் ஆரம்பிக்க முடியாது, அவங்க லிஸ்ட்ல நம்ம நாடு இல்ல. சிங்கப்பூர் லிஸ்ட்ல இருக்கு, அதனால சித்தப்பா பையன் பேர்ல போடலாமேன்னு தோணும். போட்டா சட்டப்படி அவன்தான் பொறுப்பு, காசு அவன் அக்கவுண்ட்டுக்கு வரும், வரி அவன் கட்டணும், புத்தகம் போகலைன்னா கேள்வி அவனைத்தான் கேப்பாங்க. அவன் நிஜமாவே உங்களோட சேந்து வேலை செய்யற ஆளா இருந்தா பண்ணுங்க, பேருக்கு நிக்க வைக்கறதுக்குன்னா வேண்டாம், சொந்தத்துல பிரச்சனை வந்தா சரி பண்ண முடியாது.

கிக்ஸ்டார்ட்டர் மாதிரியே இருக்கற வேற எந்த வெளிநாட்டு தளத்துக்கும் ஒரே கேள்வி போதும், இந்திய பேங்க் அக்கவுண்ட்டுக்கு காசு அனுப்புவாங்களா. நிறைய தளங்க ஸ்ட்ரைப்ங்கற பேமென்ட் கம்பெனி வழியாத்தான் காசு தருது, ஸ்ட்ரைப் இந்தியாவுல புது அக்கவுண்ட்டை அழைப்பு இருந்தாதான் திறக்குது. பேபால் இருந்தா போதும்னு நினைக்கறவங்களுக்கும் சொல்றேன், 2021 ஏப்ரல்ல இருந்து பேபால்ல இந்தியாவுக்குள்ளயே காசு அனுப்பறது நின்னு போச்சு, வெளிநாட்டுல இருந்து பொருளுக்கோ வேலைக்கோ காசு வாங்கறதுக்கு மட்டும்தான் அது நமக்கு உதவும்.

பேட்ரியான். 2013ல வந்தது, மாசச் சந்தா முறை. 2025 ஆகஸ்டுக்கு அப்புறம் சேர்றவங்களுக்கு கட்டணம் 10 சதவீதம், பேமென்ட் செலவு தனி. ஐபோன் ஆப் உள்ள இருந்து சேந்தா ஆப்பிள் கட்டணமும் மேல வரும், அதனால வெப்சைட் லிங்க்தான் குடுக்கணும். துபாய், லண்டன், டொரான்டோவுல இருக்கற தமிழ் ஆளுங்க உங்க கூட்டமா இருந்தா இது சரி. ஊர் ஆளுங்களா இருந்தா சரிப்படாது, அவங்க ஜிபேல அனுப்பற ஆளுங்க, அது போக 2021 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் கொண்டு வந்த விதிக்கு அப்புறம் இந்திய கார்டுல மாசா மாசம் தானா காசு எடுக்கறது வெளிநாட்டு தளங்கள்ல அடிக்கடி சிக்கல் ஆகுது. மாசச் சந்தாவே வேணும், கூட்டம் உள்ளூர்னா யூடியூப் மெம்பர்ஷிப் பாருங்க, அதுல 70 சதவீதம் உங்களுக்கு வரும், 30 யூடியூப்புக்கு. கட்டணம் அதிகம்தான், ஆனா ஆளுங்க ஏற்கனவே அங்கதான் இருக்காங்க, புதுசா ஒரு ஆப் இறக்க சொல்ல வேண்டியதில்ல.

மிலாப், கெட்டோ. மிலாப் 2010ல பெங்களூர்ல ஆரம்பிச்சது, கெட்டோ 2012ல மும்பையில. ரெண்டும் நம்பிக்கையா ஓடறதுதான், யூபிஐ எல்லாம் இருக்கு. ஆனா அங்க போயி பாருங்க, பெரும்பாலும் ஆஸ்பத்திரி செலவு, ஆபரேஷன், குழந்தைக்கு மருந்து. அந்த பக்கங்களுக்கு நடுவுல உங்க கூத்துப் படத்தை வச்சா தெரியாதவங்க யாரும் தேடி வர மாட்டாங்க, வரவும் கூடாது, அந்த காசு அங்கதான் போகணும். பரிசு வகை, முன்பதிவு அதெல்லாம் வச்சு நடத்தறதுக்கான அமைப்பும் அது கிடையாது. கூத்து ஜமாவுல ஒரு மூத்த கலைஞருக்கு உடம்பு சரியில்லாம போயி உதவி வேணும்னா அதுக்கு இதுதான் சரியான இடம். பொதுவா இந்த மாதிரி தளங்கள்ல பிளாட்ஃபார்ம் கட்டணம் எடுக்காம குடுக்கறவங்க கிட்ட டிப் கேக்கற வழக்கம் இருக்கு, டிப் தொகை முன்னாடியே நிரப்பி இருக்கலாம், உங்க அத்தை 500 அனுப்பப் போயி கூட போயிடும், அதனால லிங்க் அனுப்பறப்பவே எங்க மாத்தணும்னு ஸ்க்ரீன்ஷாட் போட்டு சொல்லிடுங்க.

படைப்பு வேலைக்குன்னே ஆரம்பிச்ச இந்திய தளங்களும் இருக்கு, பல வருஷமா புதுசு வர்றதும் பழசு நிக்கறதும் வேற தொழிலுக்கு மாறறதுமா இருக்கு. அதனால பேரை வச்சு நம்பாம இப்படி சோதிங்க: இன்னைக்கு அங்க எத்தனை படைப்பு கேம்பெயின் ஓடுது, கடைசியா எது எப்ப முடிஞ்சது, முடிஞ்ச மூணு கேம்பெயின் நடத்தினவங்களை இன்ஸ்டாவுல தேடிப் பிடிச்சு காசு எத்தனை நாள்ல வந்துச்சு, எவ்ளோ பிடிச்சாங்கன்னு கேளுங்க. அவங்க சந்தோஷமா பதில் சொல்வாங்க. கஸ்டமர் கேர் நம்பருக்கு ஒரு வேலை நாள் மத்தியானம் போன் போட்டுப் பாருங்க, யாரும் எடுக்கலைன்னா அங்க காசை வைக்காதீங்க.

கடைசியா, நம்ம பக்கத்து பல வேலைகளுக்கு நான் சொல்றது இதுதான்: சொந்த பக்கம் ஒண்ணு, அதுல ரேசர்பே, கேஷ்ஃப்ரீ மாதிரி ஒரு கேட்வேயோட பேமென்ட் பேஜ். 500, 1,500, 5,000னு மூணு வகை வைக்கலாம், முகவரி அங்கயே வாங்கிடலாம், யூபிஐ கார்டு ரெண்டும் எடுக்கும், ரசீது தானா போகும். கூட்டம் 200, 300 பேர், பெரும்பாலும் தமிழ்நாடு பெங்களூர், யூபிஐ ஆளுங்க, வாட்ஸ்அப்லயே பேசற ஆளுங்கன்னா இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல. கேட்வே கம்பெனி கிட்ட பதிவு பண்றப்ப என்ன செய்யறீங்களோ அதையே எழுதுங்க, புத்தக முன்பதிவுன்னா புத்தக முன்பதிவு, ஏன்னா தனி ஆள் நன்கொடை வசூல் பண்றதை அவங்க ரிஸ்க்கா பாப்பாங்க, பின்னாடி கேள்வி வந்தா காசு நடுவுல நிக்கும்.

இதுல ஒரு குறை, முழுசா வந்தாதான் எடுப்பேன்ங்கற முறை தானா கிடையாது, நீங்கதான் கடைபிடிக்கணும். இந்த தேதிக்குள்ள இவ்ளோ வரலைன்னா எல்லாருக்கும் திருப்பி அனுப்புவேன்னு பக்கத்துலயே எழுதி, அதுவரைக்கும் ஒரு ரூபாய் தொடாம தனி அக்கவுண்ட்ல வைங்க. திருப்பி அனுப்பறப்ப கேட்வே எடுத்த கட்டணம் பொதுவா உங்களுக்கு திரும்ப வராது, அந்த 2.36 சதவீதம் உங்க கையில இருந்து போகும், அதுக்கு தயாரா இருங்க. இல்லன்னா இன்னொரு வழி, முதல்ல காசு வாங்காம பேரும் எத்தனை பிரதின்னும் மட்டும் ஒரு கூகுள் ஃபார்ம்ல வாங்கறது, எண்ணிக்கை சேந்ததும் பேமென்ட் லிங்க் அனுப்பறது. சொன்னவங்க எல்லாரும் கட்ட மாட்டாங்க, அதையும் நினைச்சு எண்ணிக்கையை கூட்டி வைக்கணும்.

சொந்த ஜிபே நம்பரை போஸ்டர்ல போட்டு வசூல் பண்றதை மட்டும் தவிர்த்துடுங்க. வீட்டு செலவும் இதுவும் கலந்துடும், யார் எதுக்கு அனுப்பினாங்கன்னு தெரியாது, அனுப்பினதுல யாரோ ஒருத்தர் காசு சைபர் க்ரைம் புகார்ல மாட்டியிருந்தா உங்க அக்கவுண்ட்டை பேங்க் முடக்கலாம், அப்ப பால் வாங்கவும் காசு எடுக்க முடியாது. தனியா ஒரு அக்கவுண்ட் திறக்கறது ஒரு நாள் வேலை.

படி 6: சட்டம், வரி

முதல்ல வெளிநாட்டு காசு. வெளிநாட்டு பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 2010 சட்டம், எஃப்சிஆர்ஏன்னு சொல்வாங்க. கலாச்சாரம், கல்வி, சமூகம் மாதிரி காரியத்துக்கு வெளிநாட்டு ஆள் கிட்ட நன்கொடை வாங்கணும்னா பதிவோ முன் அனுமதியோ வேணும். துபாய்ல இருக்கற உங்க மாமா இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்தா அவர் தன் சம்பாத்தியத்துல குடுக்கறது இதுல வராது. ஆனா அமெரிக்க குடியுரிமை வாங்கின நண்பர், வெளிநாட்டு குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்கற ஓசிஐ கார்டு வச்சிருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு ஆள்தான். அதனாலதான் லிஸ்ட்ல குடிமகன் கேள்வி எழுதச் சொன்னேன். பொருளுக்கு விலையா, வழக்கமான வியாபாரமா வர்ற காசுக்கு இந்த தடை இல்ல, ஆக அவங்க கிட்ட நன்கொடைன்னு கேக்காம புத்தகத்தை நியாயமான விலைக்கு வித்து பில் குடுங்க. 500 ரூபாய் புத்தகத்துக்கு 50,000 வாங்கிட்டு விற்பனைன்னு சொன்னா அது விற்பனை ஆகாது.

வருமான வரி. சொந்தக்காரங்க இல்லாதவங்க கிட்ட இருந்து ஒரு வருஷத்துல சும்மா வந்த காசு மொத்தமா 50,000த்தை தாண்டினா முழுத் தொகையும் உங்க வருமானத்துல சேரும், தாண்டினது மட்டும் இல்ல, முழுசும். முன்பதிவா வாங்கினா அது தொழில் வருமானம், அச்சு, பயணம், தபால் எல்லாத்தையும் செலவா கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் வரி. இந்த ஒரு காரணத்துக்காகவே முன்பதிவு முறையை சொல்றேன். எல்லா பில்லையும் வைங்க, ஆட்டோவுக்கு குடுத்ததை கூட எழுதி வைங்க. குடுத்த நன்கொடைக்கு 80ஜி வரிச் சலுகை கிடைக்கும்னு யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க, அது அதுக்குன்னு பதிவு வாங்கின அறக்கட்டளைங்களுக்குத்தான்.

ஜிஎஸ்டி. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, புத்தகம் மட்டும் விக்கறவங்களுக்கு பதிவும் தேவையில்ல. மத்த பொருள்னா தமிழ்நாட்டுல வருஷம் 40 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாம்னு இருக்கு, ஆனா வெளி மாநிலத்துக்கு பொருள் வித்தா அந்த வரம்பு பொருந்தாது, முதல் ரூபாய்லயே பதிவு கேக்கும். ஓசூர்ல இருந்து ஜுஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி போனாலே வெளி மாநிலம், உங்க கூட்டத்துல பாதி பெங்களூர்ல இருக்கு. டீஷர்ட் வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான், புத்தகத்தோட குடுக்கற போட்டோ பிரிண்ட்டுக்கும் இது பொருந்துமான்னு கேட்டுக்கங்க. இலக்கு ரெண்டு லட்சத்தை தாண்டினா ஒரு ஆடிட்டரை ஒரு தடவை பாத்துடுங்க.

அனுமதி பத்தியும் ஒரு வார்த்தை. கூத்து படம்னா ஜமா வாத்தியார் கிட்டயும் கலைஞர்கள் கிட்டயும் எழுத்துல அனுமதி வாங்குங்க, கேம்பெயின் வீடியோவுல அவங்க முகம் வருதுன்னா கட்டாயம். அவங்க வேஷத்தையும் குரலையும் காட்டித்தான் நீங்க காசு கேக்கறீங்க, வர்றதுல அவங்களுக்கு எவ்ளோன்னு பக்கத்துலயே போடுங்க. நடுகல் நிறைய இடத்துல இன்னைக்கும் சாமியா கும்பிடற கல்லு, ஊர்க்காரங்களை கேட்டுட்டு எடுங்க.

படி 7: எப்ப ஆரம்பிக்கறது, எப்படி சொல்றது

30 நாள் போதும். நீளமா வச்சா நடுவுல எல்லாரும் மறந்துடுவாங்க. மாசக் கடைசியில ஆரம்பிச்சு சம்பளம் வர்ற முதல் வாரத்தை உள்ள வர்ற மாதிரி வைங்க, முடிஞ்சா ரெண்டு சம்பள வாரம் உள்ள வரட்டும். கூத்து பத்தினதுன்னா கோடையில திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதம் நடக்கறப்ப, ஊர் விட்டு போனவங்க எல்லாம் வந்து அர்ச்சுனன் தபசு பாத்துட்டு மனசு நிறைஞ்சு இருக்கற நேரம், அதை விட நல்ல நேரம் இல்ல. ஸ்கூல் ஃபீஸ் கட்டற ஜூன் முதல் ரெண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துடுங்க. புத்தகம்னா தருமபுரி, ஓசூர் புத்தகத் திருவிழாவுக்கு கையில பிரதி இருக்கற மாதிரி பின்னாடி இருந்து தேதி எண்ணுங்க.

வீடியோ ரெண்டு நிமிஷம் போதும், ட்ரோன் ஷாட் எல்லாம் வேண்டாம், நீங்க நேரா பாத்து என்ன செய்யறீங்க, எவ்ளோ வேணும், எதுக்கு எவ்ளோ, எப்ப கைக்கு வரும், இதை நம்ம ஊர் பேச்சுல பேசுங்க. செலவுக் கணக்கை படமா போடுங்க. குரூப்ல ஃபார்வர்ட் பண்ணி விட்டா யாரும் பாக்கறதில்ல, ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லி தனியா மெசேஜ் பண்ணுங்க, பெரியவங்களுக்கு போன் பண்ணுங்க, தெலுங்கு கன்னடம் பேசற வீடுன்னா அந்த பாஷையிலயே கேளுங்க, நம்ம மாவட்டத்துல அதுக்கு ஆள் பஞ்சம் இல்ல.

படி 8: காசு வந்த பிறகு

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க, நடக்கலைன்னாலும் எழுதுங்க. தாமதம் ஆகும்னு தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கல்வி, கலாச்சாரப் புத்தகம் அனுப்ப தபால் துறை 2025 மே மாசத்துல இருந்து ஞான் போஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி, உங்க புத்தகம் அந்த வகையில வருமான்னு ஒரு மாதிரிப் பிரதியோட ஹெட் போஸ்ட் ஆபீஸ்ல முதல்லயே கேட்டு எடை போட்டுடுங்க. வெளிநாட்டுத் தபால் செலவை உள்ளூர் விலைக்குள்ள அடக்காதீங்க, தனியா வாங்குங்க, ஒரு கனமான போட்டோ புத்தகத்தை கனடாவுக்கு அனுப்பற செலவு புத்தக விலையையே தாண்டிடும். பேக்கிங்க்கு நாலு பேரை கூப்டு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா 200 பிரதி முடிஞ்சுடும், முகவரி ஸ்டிக்கரை ஃபார்ம்ல இருந்து நேரா பிரிண்ட் எடுங்க, கையால எழுதினா பின்கோடு மாறும்.

எல்லாம் போன பிறகு மொத்த வரவு செலவையும் ஒரே பக்கத்துல போடுங்க, மிச்சம் இருந்தா எவ்ளோ, அதை என்ன பண்ணப் போறீங்கன்னும் சேத்து. திரும்பி வந்த பார்சல் ஒவ்வொண்ணுக்கும் போன் பண்ணி முகவரி சரி பண்ணி மறுபடி அனுப்புங்க, வாடகை வீடு மாறிகிட்டே இருக்கற பெங்களூர் ஆளுங்களோடதுதான் அதிகம் திரும்பி வரும், அதுக்காக 20 பிரதியை கடைசி வரைக்கும் விக்காம வைங்க.